திருப்பிப் போட்ட அட்டை

2003-ஆம் வருடம், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பமெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தேன். நடந்தேன் என்றும் சொல்ல முடியாது, ஓடினேன் என்றும் சொல்ல முடியாது. பிற்பகல் நாலு மணி இருக்கும். சாரல் விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. இடது காலில் செருப்பு இல்லை. மேலே ஏலக்காய் ஸ்டோரின் படியில் அது கழன்றபோது, குனிந்து எடுக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மற்ற நாட்களில் அந்தச் சாலையில் ஜீப் ஓயாது. காய் பறிக்கிற ஆட்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற ஜீப்புகள் அவை. ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு லீவு. ஆகவே அன்றைக்கு மேலிருந்து ஒரு ஜீப் வந்தால், அது என்னைப் பிடிக்க வரும் ஜீப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். மூன்றாவது வளைவு தாண்டும்போது சத்தம் கேட்டது.

சாலையோரத் தடுப்புச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். ஈரப்புல்லில் முகத்தை அழுத்திப் படுத்துக்கொண்டேன். கீழே பள்ளம். மேலே ஜீப் கியர் மாற்றும் சத்தம். ஜெபம் பண்ண வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. ஜீப்பில் வருகிறவனுக்குப் பயந்ததைவிடக் கூடுதலாகக் கடவுளுக்குப் பயந்துகொண்டு கிடந்தேன்.

ஏன் என்று சொல்ல எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, நூல் மில், லாரி கிளீனர், ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு என்று மாறிக்கொண்டே இருந்தேன். எங்கேயும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. சண்டையும் கிடையாது, சச்சரவும் கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்த ஊரில் இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். போன இடமெல்லாம் என்னோடு கூடவே வந்தது சீட்டு. மூணு சீட்டு, ரம்மி எதுவானாலும் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு உறவு என்று இருந்தது சின்னமனூரில் கட்டிக்கொடுத்த அக்கா மட்டும்தான். நாங்கள் கிறிஸ்தவர்கள். அக்கா ஒரு ஆராதனை தவறவிட மாட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள்.

"ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சுட்டு, கீழ ஒக்காந்து அவரு அங்கிக்குச் சீட்டுப் போட்டானுகள்ல, அவனுக வம்சம்டா நீ."

"சீடருங்களும்தான் சீட்டுப் போட்டு ஆள் எடுத்தாக. அதை நீ வாசிக்கலையாக்கும்?"

"நீ வாசிச்ச லட்சணத்தைத்தான் ஊரே பாக்குதே. தின்னுட்டு எந்திரி."

அந்த வருடப் பிறப்புக்கு என்னை வம்படியாகக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி ஆராதனை முடிகிறபோது ஒரு கூடையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம் அதுதான். அட்டை ஏறக்குறைய சீட்டுக்கட்டின் அளவே இருக்கும், ஓரத்தில் தங்கக் கலர் தடவி.

நான் எடுத்த அட்டையில், உன் கைகளால் பாடுபட்டதன் பலனை நீ சாப்பிடுவாய் என்ற கருத்தில் ஒரு வசனம் இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து கைப்பாடுதானே, இதைச் சொல்ல ஒரு அட்டையா என்று நினைத்தேன். கூடை அடுத்த ஆளிடம் நகர்வதற்குள், வழிபடுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டே, அந்த அட்டையை உள்ளே சொருகிவிட்டு வேறொன்றை உருவிக்கொண்டேன். என் விரல்களுக்கு அது பழகின வேலை. ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது அட்டையில், உன்னை வாலாக விடாமல் தலையாக வைப்பார் என்று சொல்லும் வசனம் வந்தது. சபையில் எல்லோரும் ஆசைப்படுகிற வசனம். அக்கா அதை வாங்கி வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. திருப்பிப் போட்ட கதையை அவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

சட்டையின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, ஒரு சின்னப் பை தைத்து அந்த அட்டையை வைத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு உட்காருமுன் சட்டைக்கு மேலேயே ஒரு தடவை தொட்டுக்கொள்வேன். அந்த வருடம் நிறைய ஆட்டம் ஜெயித்தேன். வசனம் வேலை செய்கிறது என்று நம்பினேன். நம்ப வேண்டும் என்று நினைத்துவிட்டால் மனிதன் எதையும் நம்பிவிடுகிறான்.

கம்பமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போயிருந்தபோது, அங்கே ஸ்டோர் மேனேஜராக இருந்தவர் வித்தியாசமான ஆளாக இருந்தார். மலையாளி, எங்களைப்போல் கிறிஸ்தவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பத்து வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். அங்கே போக்கர் ஆடக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கும் பழக்கிவிட்டார். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். அதில் நான் கெட்டி.

வருடத்துக்கு ஒரு முறை டோர்னமெண்ட் வைப்பார். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஆளுக்குச் சமமாகச் சாயம் தோய்த்த புளியங்கொட்டைகள் கிடைக்கும். கொட்டை தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும். கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு மூட்டை முதல் தர ஏலக்காய்.

ஸ்டோர் என்பது காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பு எரியும். அந்த அனல் ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளே அறையைச் சுற்றி வரும். அதை ஒட்டிய காய் பொறுக்கும் அறையில்தான் ஆட்டம் நடக்கும், கதகதப்பாக இருக்கும் என்பதால். அடுப்பெரிக்கிறவர் தடித்த ஆள், ஆட்டம் பார்ப்பதற்கென்றே நிற்பார். அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. முந்தின வருடம் சீட்டை ஒளித்த ஒருவனின் உள்ளங்கையை அந்தக் குழாயில் வைத்து அழுத்திவிட்டார் என்றார்கள். அந்த ஆளைக் கம்பமெட்டு டீக்கடையில் நான் பார்த்திருக்கிறேன். டீ கிளாஸை இரண்டு கை விரல் நுனியாலும் பிடித்துக் குடிப்பான். கேட்டதற்கு லாரி இஞ்சின் சுட்டது என்றான். எது உண்மையோ தெரியாது. ஆனால் அந்தக் கை என் கண்ணிலேயே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டோர்னமெண்டுக்கு உட்கார்ந்தவர்களில் மதியம் மூன்று மணிக்கு இரண்டே பேர் மிஞ்சியிருந்தோம். நானும், கம்பத்துக்காரரான ஒரு ஜீப் டிரைவரும். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. நாள் முழுக்க வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எல்லோரையும் சீண்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று ராஜா வந்திருந்தது. மற்ற இரண்டை மாற்றப் போகுமுன் பழக்க தோஷத்தில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டேன்.

பின்னாலிருந்து என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அடுப்புக்காரர்.

"டேய், உள்ள என்னத்த வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததைத்தான் காலையிலருந்து தடவிக்கிட்டு இருக்கியா? ரெண்டு கையையும் தூக்குடா!"

இழுத்த வேகத்தில் நடுவில் இருந்த பலகை கவிழ்ந்து சீட்டும் கொட்டையும் தரையெல்லாம் சிதறின. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் சட்டைக்குள் கைவிட்டு உள்பையைக் கண்டுபிடித்துக் கிழித்தார். அட்டை வெளியே வந்தது. தங்க ஓரம், சீட்டின் அளவு, அதுவும் ரகசியப் பையிலிருந்து. சுற்றி நின்றவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மேனேஜர் சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி எண்ணினார். ஐம்பத்திரண்டு இருக்க வேண்டும். ஐம்பத்தொன்றுதான் இருந்தது.

நான் எதையும் ஒளிக்கவில்லை.

மேனேஜருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அட்டையை ஜீப் டிரைவரிடம் நீட்டினார். அவர் உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார்.

"இது வேதக்காரவுக அட்டை சார். இவனை வாலா விடாம தலையா வைப்பாராம் சாமி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல இவனுக்கு ஒரு கிழியாத சட்டை குடுக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்புக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அட்டை எதுவா இருந்தா என்ன? அது மறைப்புக்கு. ஒரு சீட்டு கொறையுதுல்ல?"

மேனேஜர் அட்டையை ஒரு காய் மூட்டையின் மேல் வைத்தார். "எடா, நீ கிறிஸ்தியானியா? நானும்தான். இதுக்கு மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு, கள்ளத்தனம் செய்யலைன்னு. சத்தியம் பண்ணினா நீ போய்க்கோ."

அவ்வளவு எளிதான வழி. நான் சொல்லப்போவதும் உண்மைதான். கையை இறக்கி அட்டையின் மேல் வைத்தால் போதும். கை இறங்கவில்லை. தங்க ஓரத்தைப் பார்த்தபோது கோயிலும் கூடையும் அக்காவின் கலங்கிய கண்ணும் ஞாபகத்துக்கு வந்தன. கள்ளத்தனம் செய்து எடுத்த அட்டையின் மேல் கை வைத்து, கள்ளத்தனம் செய்யவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? அந்தக் குழாய் ஒரு கையைத்தான் எடுக்கும். இந்தச் சத்தியம் எதை எடுக்குமோ என்று நடுங்கினேன். இத்தனை நாளும் தாயத்துபோல் நெஞ்சில் வைத்திருந்தேனே, அது யாருடைய வார்த்தை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"பாத்தீகளா சார், வைக்க மாட்டேங்குறான்!" அடுப்புக்காரர் என்னை உலர்த்தும் அறைக்குள் இழுத்தார். என் வலது கையை விரித்துப் பிடித்துக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்திலேயே உள்ளங்கை காந்தியது. ஏலக்காய் வாசனையில் மூச்சு முட்டியது. இன்று வரை பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் எனக்கு அந்த அறைதான்.

கத்திவிட்டேன். "சீட்டை மறைக்கலண்ணே! அந்த அட்டைதான் திருட்டு அட்டை! கோயில்ல மொத வந்ததைத் திருப்பிப் போட்டுட்டு இதை எடுத்தேன். அதுமேல எப்பிடிச் சத்தியம் பண்ணுவேன்?"

இழுப்பு நின்றது.

வாசலில் வந்து நின்ற ஜீப் டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏலே, நெசமாவா? சாமிகிட்டயே சீட்டு மாத்திட்டியா?" பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், இன்னொருக்கா எண்ணுங்க."

"ஒனக்கென்ன வந்துச்சு? இவன் போனா காய் மூட்டை ஒனக்குத்தான?" என்றார் அடுப்புக்காரர்.

"அதான் சொல்றேன். அந்த மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயி நான் நிம்மதியா ஒறங்க வேணாமா? சத்தியம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இந்நேரம் கீழ எறங்கிருப்பான். மாட்டேன்னு நிக்கிறான். களவாணி இப்பிடி நிக்க மாட்டான். எண்ணுங்க சார்."

மேனேஜர் இந்த முறை ஒவ்வொரு சீட்டாக மூட்டையின் மேல் வைத்தார். என் மணிக்கட்டு இன்னும் அடுப்புக்காரர் பிடியில்தான் இருந்தது. நாற்பது தாண்டியது. ஒரு கிளாவர் ஏழைக் கீழே வைக்கப்போன மேனேஜர் நிறுத்தி, விரலால் தேய்த்தார். அதன் முதுகில் டைமன் ரெண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சாரல் காலத்து ஈரம். காலையிலிருந்து எத்தனையோ ஈரக் கைகள் பட்ட சீட்டு.

ஐம்பத்திரண்டு.

அடுப்புக்காரர் கையை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விறகு தள்ளப் போய்விட்டார். ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னார் மேனேஜர். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அட்டை, கொட்டை, மூன்று ராஜா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன். எந்த நேரமும் அவர்கள் மனம் மாறி என்னைக் கூப்பிடுவார்கள் என்ற பயம் முதுகிலேயே வந்தது.

அப்படித்தான் அந்தப் புல்லில் கிடந்தேன். ஜீப் எனக்கு நேர் மேலே வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஏலே, ஒத்தைக் கால் சேத்துத் தடம் செவுத்துல ஏறுது. வெளிய வா."

நான் இன்னும் தாழ்ந்து புல்லோடு ஒட்டிக்கொண்டேன்.

"தனியாத்தான்லே வந்திருக்கேன். ஒன்னைத் தூக்க நாலு ஆளா வேணும்? ஒத்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு எம்புட்டுத் தூரம் போவ?"

எட்டிப் பார்த்தேன். ஜீப் டிரைவர் கையில் என் செருப்போடு நின்றார். வண்டியில் வேறு யாரும் இல்லை. பின்னால் அந்த ஏலக்காய் மூட்டை மட்டும் கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே."

"எனக்கெதுக்கு?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்த முருகன் படத்தின் ஓரத்தில் அதைச் சொருகினார். "சரி, இருக்கட்டும். எந்தச் சாமியா இருந்தாலும் எறக்கத்துல பிரேக்கு புடிச்சாச் சரி."

இரண்டு வளைவு இறங்கியதும் கேட்டார். "மொத எடுத்த அட்டையில என்னதான்லே எழுதிருந்துச்சு?"

சொன்னேன்.

"அடப் பாவி. அதையா திருப்பிப் போட்ட? ஒழைச்சதைத் திங்கவிட்டாப் பத்தாதா? இங்கன ஒழைக்கிறவன் எல்லாம் அதைத் தின்னுட்டா இருக்கான்?" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூடுபனிக்குக் கீழே வந்ததும் பள்ளத்தாக்கு விரிந்தது. திராட்சைப் பந்தல்கள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. அவருடைய மச்சினன் தோட்டத்தில் கிளை வெட்டும் கவாத்து முடிந்து கொடி கட்ட ஆள் தேடுகிறார்கள் என்றும், காலையில் ஆறு மணிக்கு அங்கே போய் நிற்கும்படியும் சொன்னார். அன்றைக்கு அவர் வீட்டு ஜீப் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை தோட்டத்தில் போய் நின்றேன். பந்தல் தலைக்கு மேலே இருக்கும். கொடிகளைக் கம்பியோடு சேர்த்து வாழைநாரால் கட்ட வேண்டும். எப்படி என்று தெரியாமல் நின்றவனைப் பார்த்து, கூட வேலை செய்த ஒரு அம்மா, "கையத் தூக்குப்பா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது.

"என்னப்பா இது, கையத் தூக்கச் சொன்னா போலீசைக் கண்டவன் கணக்கா நடுங்குற?" என்று அவர் கேட்க, வரிசை முழுக்கச் சிரித்தது.

இரண்டு கையையும் தூக்கினேன். மதியம் வரை இறக்கவில்லை. நடுவில் ஒருமுறை விரல்கள் தாமாக நெஞ்சுக்குப் போயின. அங்கே கிழிந்த பைதான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றைப் பிசைய உட்கார்ந்தேன். நாரின் கறை படிந்த அந்த விரல்களால் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தபோது, கூடைக்குள் நான் திருப்பிப் போட்ட அட்டை எனக்கென்றே வந்தது என்று புரிந்தது. அதை எனக்குக் கொடுத்த ஆண்டவருக்கு அன்று பயந்த பயம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.